தண்ணீர் கேட்டு வந்தவர்

ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் அந்தச் சைக்கிளின் சத்தம் கேட்டது. சங்கிலி மூடியில் ஒரு திருகாணி இல்லாத சைக்கிள். ஒவ்வொரு மிதிக்கும் டக்கென்று ஒருமுறை தட்டும். கைப்பிடியில் கட்டிய தகரக் குவளையும் சேர்ந்து ஆடும். யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நடையை எட்டிப் போட்டேன். சத்தம் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

தோளில் துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு போர்வை. காலையில் அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். எங்கிருந்தும் நான் சொல்லிக்கொண்டு போனதில்லை. கடலூரில் உப்பளம், விழுப்புரத்தில் ரயிலடி மூட்டை வேலை, திண்டிவனம் பக்கம் ஒரு செங்கல் சூளை, எல்லாவற்றையும் இப்படித்தான் விட்டேன். யாரும் தேடி வந்ததில்லை. தேடி வந்த முதல் ஆள் இவர். அதனாலேயே எனக்கு இவர்மேல் நம்பிக்கை இல்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது தேடிக்கொண்டு போவார்கள். பிறர் வீட்டு வாசலில் போய் நின்றவருக்குத் தன் வாசலில் ஆள் வந்து நிற்பது பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அவரை முசியே என்றே கூப்பிட்டோம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் தொப்பி போட்ட எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டது ஊர்.

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நெய்வேலியில் நிலக்கரிக்காகப் பூமியைத் திறந்துகொண்டிருந்தார்கள். நம் பக்கம் அடியில் என்ன இருக்கிறது, நல்ல தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று துளை போட்டுப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அந்தப் படிப்பு படித்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் ஆள் தயார்செய்ய ஒன்றரை வருஷ வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். முடித்தால் அரசாங்க வேலை. மண் வகுப்பு என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. சேரிக்கும் குப்பத்துக்கும் மில் தொழிலாளர் வரிசைக்கும் அதில் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் சின்னப் பரீட்சைவரை மட்டும் படித்திருந்த எனக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. சேரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் நாலு பேர் சேர்ந்தோம். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் நானும் வீராம்பட்டினத்து மீனவன் காத்தவராயனும்.

முசியே எங்கள் வாத்தியார் இல்லை. பாடம் சொல்ல வேறு இரண்டு பேர் இருந்தார்கள். இவருக்கு மண் பெட்டிகளையும் வரைபடங்களையும் வருகைப் பதிவையும் பார்த்துக்கொள்ளும் வேலை. வியட்நாமில், சைகோன் நில அளவை அலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பது வயதிருக்கும். அரைக்கால் காக்கி, முழங்கால்வரை காலுறை, நிறம்போன துணித் தொப்பி. மனைவி மக்கள் பற்றி அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

யாராவது ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் பத்து மணிக்குள் அவருடைய சைக்கிள் அவன் வீட்டு வாசலில் நிற்கும். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார். தண்ணீர் கேட்பார்.

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது எனக்கு உண்மையிலேயே காய்ச்சல். உள்ளே படுத்திருந்தேன். அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குடிக்கத் தண்ணி குடுப்பீங்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுத் தண்ணியா?"

"ஆமா. உங்க கெணத்துத் தண்ணிதான்."

எங்கள் சேரிக்குள் அவரைப் போன்றவர்கள் வருவதே அபூர்வம். வந்தாலும் தண்ணீர் குடித்ததில்லை. அக்கா செம்பை இரண்டு தடவை கழுவிக் கொண்டுவந்தாள். அவர் செம்பை வாங்கித் தம் தகரக் குவளையில் ஊற்றவில்லை, செம்பிலேயே குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"இருபத்தெட்டு அடி இருக்குமா?"

"எங்க வீட்டுக்காரரு முப்பதும்பாரு."

"செம்மண்ணுக்குக் கீழ பொடி மணல் வந்திருக்கும். அதுல நிக்குது தண்ணி. நல்ல தண்ணி." செம்பைத் திருப்பிக் கொடுத்தார். "மெர்சி."

சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள ஒரு கறுப்பு நோட்டை எடுத்து நின்றபடியே எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

அக்கா உள்ளே வந்து என் தலைமாட்டில் நின்றாள். "இன்னாடா அது, குடிச்சிட்டு ஏதோ மந்திரம் மாதிரி சொல்லிட்டுப் போறாரு?"

"மந்திரம் இல்ல. பிரெஞ்சுல நன்றின்னு சொல்றாரு."

"தண்ணி குடிக்க டவுன்லேருந்து சைக்கிள்ல வருவானா ஒருத்தன்? எங்க மாமியா சொல்லும். அந்தக் காலத்துல இப்படித்தான் தொப்பி போட்டவன் வந்து தண்ணி கேட்டு, நல்லா பேசி, அவங்க பாட்டனக் கப்பல்ல ஏத்திட்டான். கரும்புத் தோட்டத்துக்கு. போனது போனதுதான்."

மாமா, அக்காவின் புருஷன், மில்லில் சங்கத்துக்காரர். அவர் கப்பலை நம்பவில்லை. "ரகசியப் போலீசு. நோட்டு வச்சிருக்கான் பாரு. உன்னப் பாக்க வரல, என்னப் பாக்க வரான்." அடுத்தமுறை முசியே வந்தபோது மாமா உள்ளிருந்து கதவைச் சாத்தினார். முசியே பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தக் கிணறு எத்தனை அடி என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

எனக்குக் கப்பலும் தெரியாது, போலீசும் தெரியாது. என் சந்தேகம் வேறு. ஒருவன் எதுவும் கேட்காமல் நமக்காக ஒன்றைச் செய்கிறான் என்றால் கேட்கப் போவது பெரிதாக இருக்கும். மூட்டை தூக்கிய இடங்களில் நான் கற்றது அது.

ஊசுட்டேரிப் பக்கம் பத்து நாள் முகாம் போட்டபோது இன்னொன்று நடந்தது. சாப்பாட்டுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் ஏற்பாடு. டவுன் பையன்களுக்குக் கூடத்தில் இலை போட்டார்கள். காத்தவராயனுக்கு வாசலில். எனக்கு மாட்டுக் கொட்டகை ஓரம்.

"எனக்கு முன்னேற்றம்டா. வாசல் வரைக்கும் வந்துட்டேன்" என்றான் காத்தவராயன். "அடுத்த ஜென்மத்துல நீ வாசலு, நான் கூடம்."

நான் சிரிக்கவில்லை. மறுநாள் கிளம்பிவிடுவது என்று தீர்மானித்து, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். முசியே தம் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்திலிருந்து வந்தார். கொட்டகை ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ரசம் கேட்டார், வாங்கிச் சாப்பிட்டார், கை கழுவினார். அடுத்த நாள் சமையல் துளை போடும் இடத்துக்கே வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே கூடாரத்தில் சாப்பாடு. அலுவலகத்துக்கு அவர் எழுதிய காகிதத்தைக் காத்தவராயன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: சாப்பிடப் போய்வரும் தூரத்தால் வேலை நேரம் வீணாகிறது என்று எழுதியிருந்தாராம்.

நான் கிளம்பவில்லை. ஆனால் நான் கிளம்ப இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

காத்தவராயன் விஷயத்திலும் அப்படித்தான். ஆடித் தேர் சமயத்தில் வீராம்பட்டினம் போனவன் திரும்பவில்லை. மீன் படும் காலம், அப்பாவோடு கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தான். முசியே கடற்கரை மணலில் போய் உட்கார்ந்தார். ஒருநாள் இல்லை, நாலு நாள். மரம் கரை ஏறியதும் எழுந்துபோய்த் தண்ணீர் கேட்பார்.

"முசியே, என்னப் பிடிக்கிறதுன்னா வலையோட வரணும்" என்றானாம் இவன்.

"உங்க மரம் எத்தினி மணிக்குக் கரைக்கு வரும்?" என்றாராம் அவர்.

அடுத்த வாரம் எங்கள் நேரத்தை மாற்றினார்கள். மண் கழுவும் வேலை காலையிலிருந்து பிற்பகலுக்குப் போனது. காத்தவராயன் மீன் வாடையோடு வந்து உட்கார ஆரம்பித்தான். அவன் வகுப்பை முடித்து நெய்வேலியில் வேலைக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மண் கழுவுவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். என் தப்பு அதில்தான் இருக்கிறது. துளை இறங்க இறங்க ஐந்து ஐந்து அடிக்கு ஒருமுறை அடியிலிருக்கும் மண்ணை மேலே எடுப்பார்கள். அதை லேசாக அலசி, தடுப்புத் தடுப்பாக இருக்கும் மரப்பெட்டியில் வரிசையாக வைக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்துப் பார்க்க வேண்டும். நறநறத்தால் மணல், வழுக்கினால் களி. அதைத் தாளில் எழுதி, கழுவியவன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெட்டியையும் தாளையும் பார்த்துத்தான் எந்த ஆழத்தில் தண்ணீர் எடுப்பது என்று பெரிய அதிகாரி முடிவுசெய்வார்.

எல்லாருடைய பெட்டியைக் காட்டிலும் என் பெட்டி சுத்தமாக இருக்கும். மணல் சர்க்கரைபோல மின்னும். வாத்தியார் ஒருவர் அதை எடுத்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். முசியே மட்டும் ஒருநாள் என் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ரொம்பக் கழுவறியோ?" என்றார். குறை சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

கனகசெட்டிக்குளத்தில் மீனவர் குப்பத்துக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு போட்டார்கள். கடலோரம். அங்கே மேல்மணலில் இருப்பது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வெகு ஆழத்தில். அந்தத் துளையின் மண் முழுவதும் நான் கழுவியது.

தண்ணீர் வரப்போகும் நாளில் குப்பமே குடத்தோடு வந்து நின்றது. எந்திரம் ஓடி, கலங்கல் போய், தெளிந்து வந்தது. எல்லாருக்கும் முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை கையில் ஏந்தி வாயில் வைத்தாள். துப்பினாள்.

"கடல்தான்யா இது" என்றாள். சத்தம் போடவில்லை. "நாலு மாசமா மெசினு ஓட்டி எங்க தூக்கத்தக் கெடுத்தீங்க. இதுக்கு நாங்க அந்தாண்ட போயி கடல்லயே மொண்டுக்கினு வந்திருப்போமே."

குடங்கள் காலியாகவே திரும்பிப் போயின. பெரிய அதிகாரி பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். துளைக்காரர்களில் ஒருவன் சொன்னான்: "நூத்திப் பத்து அடி வாக்குல கருவி கப்புன்னு புடிச்சுக்கிச்சு சார். வழவழன்னு வந்திச்சு." அதிகாரி அந்தத் தடுப்பைப் பார்த்தார். அங்கே வெள்ளை மணல் மின்னிக்கொண்டிருந்தது. மேலே உப்புத் தண்ணீர், கீழே நல்ல தண்ணீர், நடுவில் இரண்டையும் பிரித்துவைத்திருந்த களிமண். அந்தக் களியை நான் கழுவி ஊற்றியிருந்தேன். பெட்டியில் மேலிருந்து கீழ்வரை ஒரே மணலாகத் தெரிந்ததால், உப்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல், தண்ணீர் இழுக்கும் துவாரக் குழாயைக் களிக்கு மேலேயே வைத்துவிட்டார்கள்.

"யார் கழுவினது?" என்று அதிகாரி தாளைத் திருப்பினார்.

அவர் நிமிர்ந்து முசியேவைப் பார்த்தார். "உங்க கையெழுத்தா? இத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு."

"ஆமா. தப்பு என்னுது" என்றார் முசியே.

தாளை நான் பார்த்தேன். என் தாள் இல்லை. அதே எண்கள், அவர் எழுத்தில். கடைசியில் அவர் பெயர். எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே நின்றவர்களில் அது என் பெட்டி என்று தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேராவது இருந்தார்கள். அவர்களும் திறக்கவில்லை. முசியே என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இப்போது நான் அவர் கையில் இருக்கிறேன். இனி அவர் என்ன சொன்னாலும் கேட்டாக வேண்டும். இதற்குத்தான் இத்தனை நாள் வாசல் வாசலாக வந்து தண்ணீர் குடித்தாரா? விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது விழுப்புரம் சாலையில் பின்னால் டக் டக்கென்று வந்துகொண்டிருக்கிறார்.

ஒரு டீக்கடை முன்னால் நின்று திரும்பினேன். அவரும் காலை ஊன்றி நின்றார். முகத்தில் வேர்வை.

"எதுக்கு முசியே பின்னாடியே வரீங்க?"

"குடிக்கத் தண்ணி வாங்கிக் குடு."

கடைப் பானையிலிருந்து மொண்டு அவருடைய குவளையிலேயே ஊற்றிக் கொடுத்தேன். அவருக்கு என் கையால் தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல்முறை. வாயில் வைத்திருந்து விழுங்கினார். எத்தனை அடி என்று சொல்லவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு? எதுக்கு உங்க பேரு போட்டீங்க? நான் கேட்டனா?"

"கேக்கல."

"அப்புறம்? போலீசுல சொல்லவா அந்த நோட்டு?"

"போலீசுக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லி நோட்டை எடுத்து என்னிடமே நீட்டினார்.

பிரெஞ்சு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். கடைப் பலகையில் உட்கார்ந்து கூட்டிப் படித்தேன். பக்கம் பக்கமாகப் பெயர்கள். முதல் பாதியில் சைகோன் பக்கத்துப் பெயர்கள், வாயில் நுழையவில்லை. பிற்பாதியில் நம் பெயர்கள். ஏறக்குறைய எல்லாமே குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தன. பெயருக்கு எதிரில் அவன் வீட்டுக் கிணற்றின் ஆழம். அதற்குக் கீழே, அவன் ஏன் விட்டுப் போனான் என்று ஒரு வரி. பூட்ஸ் இல்லாமல் பாறையில் ஏறச் சொன்னோம். அப்பா செத்தபோது எங்களில் யாரும் போகவில்லை. தனியாக உட்காரவைத்தார்கள். கணக்குப் புரியவில்லை, கேட்கப் பயந்தான். எங்கள் வகுப்பிலிருந்து நின்றுபோன இரண்டு பேரும் கோடு போட்ட பெயர்களில் இருந்தார்கள். காத்தவராயன் பெயரில் கோடு இல்லை. அதற்கு அடுத்தது என் பெயர். இருபத்தெட்டு அடி. அதிலும் கோடு இல்லை. கீழே வரியும் இல்லை.

"நீ எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியல. நானா எழுதினா தப்பா எழுதுவேன். நீயே சொல்லு" என்றார்.

பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்வதற்கு நிறையப் பொய் என்னிடம் எப்போதும் உண்டு. ஆனால் அவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"மொத வாரம் என் பெட்டியப் பாத்து டவுன் பையன் ஒருத்தன் சொன்னான்" என்றேன். "சேரிக்காரன் பெட்டி, சேறாத்தான இருக்கும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுலேருந்து வெள்ள வெளேர்னு ஆற வரைக்கும் கழுவினேன்."

அவர் நோட்டை வாங்கி ஒரு வரி எழுதினார். காட்டச் சொன்னேன். காட்டினார். 'பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன், என் காதில் விழவில்லை.' பெயர்மேல் கோடு போடவில்லை.

"கோடு?"

"நீ விழுப்புரம் போய்ச் சேரல இன்னும்." நோட்டைப் பைக்குள் வைத்தார். "என்னப் பெட்டிகிட்டேருந்து எடுத்துட்டாங்க. இனிமே குடோன்ல வேல. கனகசெட்டிக்குளத்துல நாளைக் காலைல பக்கத்துலயே புதுத் துளை போடறாங்க. கை ஆளு ஒருத்தன் குறையுதாம். வகுப்புக்கு வான்னு நான் சொல்லல." சைக்கிளைத் திருப்பினார். "மெர்சி."

டக் டக்கென்று டவுன் பக்கம் போய்விட்டார். நான் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். ஆள் குறைகிறது என்பதை எதற்கு என்னிடம் சொன்னார்? இதிலும் ஏதாவது இருக்குமா? இரண்டு விழுப்புரம் பஸ்கள் போயின. ஏறவில்லை.

மறுநாள் காலை கனகசெட்டிக்குளத்தில் போய் நின்றேன். துளை வேலைக்குப் புது மேஸ்திரி, என்னைத் தெரியாதவர்.

"ஆளு குறையுதுன்னு சொன்னாங்க" என்றேன்.

"யாரு சொன்னா? எல்லா ஆளும் வந்துட்டானுங்களே."

நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. முசியே பொய் சொல்லியிருந்தார். திரும்பிப் போக ஒரு அடி எடுத்துவைத்தேன். சற்றுத் தள்ளிக் காலிக் குடத்தோடு அந்தப் பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள், துளையையே பார்த்தபடி.

"மண்ணு கழுவ யாரு இருக்கா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா? சரி, வாளியப் புடி. கை ஆள் கூலிதான்."

முதல் ஐந்து அடி மண் வந்தது. ஒரே ஒருமுறை அலசினேன். சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியின் முதல் தடுப்பில் வைத்தேன்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்னாடா, சேறா இருக்கு?"

"அப்படித்தாங்க இருக்கணும்" என்றேன். தாளை எடுத்து, கழுவியவன் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.